ஆறாவதுக்கு எந்த ஸ்கூல்? கடலூர், சிதம்பரத்தில் அரசு நடுநிலைப் பள்ளிகளை விட்டுப் பிள்ளைகள் போவது ஏன்?

ஐந்தாம் வகுப்பு முடியப்போகிறது என்றாலே கடலூரிலும் சிதம்பரத்திலும் பல வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "ஆறாவதுக்கு எங்க சேர்க்கலாம்?"

அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வியே வரத் தேவையில்லை. அதே வளாகத்தில், அதே டீச்சர்களோடு எட்டாம் வகுப்பு வரை படிக்கலாம். ஃபீஸ் கிடையாது. புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் இலவசம். ஆனாலும் கேள்வி வருது. பல வீடுகளில் டி.சி. வாங்கிவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள்.

இதில் பெரும்பாலான பெற்றோர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கு. தமிழ்நாடு அரசு தரும் மிகப் பெரிய கல்விச் சலுகைகள் எல்லாமே இந்த ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கெடுக்கப்படுகின்றன. 11 வயதில் எடுக்கும் முடிவு 18 வயதில் மருத்துவக் கல்லூரிக் கவுன்சலிங்கில் வந்து நிற்கும்.

நடுநிலைப் பள்ளி என்றால் எது?

தமிழ்நாட்டில் 1 முதல் 5 வரை இருந்தால் தொடக்கப் பள்ளி. 1 முதல் 8 வரை இருந்தால் நடுநிலைப் பள்ளி. மாநிலம் முழுக்க சுமார் 7 ஆயிரம் அரசு நடுநிலைப் பள்ளிகள் இருக்கின்றன. கிராமத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, நகரத்தில் நகராட்சி நடுநிலைப் பள்ளி என்று போர்டில் எழுதியிருக்கும். கடலூர் 2021ல் மாநகராட்சி ஆனது. சிதம்பரம் இன்னும் நகராட்சிதான்.

கிராமத்தில் நடுநிலைப் பள்ளிக்குப் போட்டி குறைவு. நகரத்தில் அப்படி இல்லை. ஒரு பக்கம் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளின் மஞ்சள் வேன்கள். இன்னொரு பக்கம் நூறு வருடம் தாண்டிய அரசு உதவிபெறும் பள்ளிகள். இவை போதாதென்று, ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் அரசு மேல்நிலைப் பள்ளிகளும் அதே ஊரில் இருக்கின்றன. எட்டாவதோடு நிற்கும் பள்ளிக்கு, பன்னிரண்டாவது வரை போகும் அரசுப் பள்ளியே போட்டி.

சம்பளக்காரர்கள் ஊர்

கடலூர் மாவட்டத் தலைநகரம். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம் போனால் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு அலுவலகங்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த பகுதி. தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை. சிதம்பரத்தில் 1929ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான் பல தலைமுறைகளாக ஊரின் சம்பளப் பெட்டி. 2013ல் நிதி நெருக்கடியால் அதன் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு ஆயிரக்கணக்கான உபரி ஊழியர்கள் பிற மாவட்டங்களுக்கும் துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இந்தச் சம்பளக் குடும்பங்கள் நகராட்சிப் பள்ளிப் பக்கம் வருவது அரிது. அரசுப் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளையே தனியார் வேனில் ஏறுவதை இந்த ஊர்களில் யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்கு ஒரு உத்தரவே போட்டது. நாடு முழுக்க அது விவாதமானது. நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே நகராட்சிப் பள்ளியில் மிச்சமிருப்பவர்கள் யார்? கூலி வேலை, மீன்பிடி, கட்டட வேலை, வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள், வெளி மாநிலத்திலிருந்து வந்து தங்கியவர்களின் பிள்ளைகள். ஊருக்கு வசதி வர வர, பொதுப் பள்ளி ஏழைகள் மட்டும் படிக்கும் பள்ளி ஆகிவிடுகிறது. கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் வெளியேறிவிட்டால், கழிவறைக் கதவு உடைந்து கிடப்பதைப் பற்றி அதிகாரியிடம் போய் நிற்க ஆள் குறைந்துவிடும்.

சிதம்பரத்துக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1864ல் ஆறுமுக நாவலர் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1916ல் சுவாமி சகஜானந்தர், பள்ளிப் படிப்பே மறுக்கப்பட்டிருந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நூறு வருடத்துக்கு முன்பே கல்விக்காக இவ்வளவு பாடுபட்ட ஊரில், எந்தப் பள்ளி யாருக்கு என்ற பிரிவினை இன்னும் தீரவில்லை. அன்று அதைச் சாதி முடிவு செய்தது. இன்று சாதியோடு ஃபீஸும் சேர்ந்து முடிவு செய்கிறது.

ஆறாவதில் அப்படி என்ன இருக்கு?

முதலில் 7.5% உள் ஒதுக்கீடு. 2020ல் வந்த சட்டம். நீட் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்பிபிஎஸ், பிடிஎஸ் உள்ளிட்ட படிப்புகளில் தனி இடம். 2022ல் சென்னை உயர் நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இதில் இடம் கிடைத்தவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

நிபந்தனை என்ன தெரியுமா? 6 முதல் 12 வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் இதில் அரசுப் பள்ளிதான். அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. பெயரிலேயே "அரசு" இருக்கிறதே என்று நினைத்து ஏமாறும் பெற்றோர் நிறைய.

அடுத்தது மாதம் ஆயிரம் ரூபாய். மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரியில் படிக்கும்போது வங்கிக் கணக்கில் பணம் வரும். இங்கும் கணக்கு 6 முதல் 12 வரைதான். ஆனால் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு.

சிதம்பரத்தில் ஒரே தெருவில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் ஐந்தாவது வரை ஒரே நகராட்சிப் பள்ளி. ஒருத்தி அங்கேயே எட்டாவது முடித்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். இன்னொருத்தி ஆறாவதில் உதவிபெறும் பள்ளிக்குத் தமிழ் வழியில் மாறுகிறாள். மூன்றாமவன் மெட்ரிக் பள்ளிக்குப் போய், ஃபீஸ் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்குத் திரும்புகிறான். முதல் பிள்ளைக்கு 7.5% ஒதுக்கீடும் உண்டு, ஆயிரம் ரூபாயும் உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய் மட்டும். மூன்றாவது பிள்ளைக்கு இரண்டுமே இல்லை. மூன்று வருட மெட்ரிக் படிப்புக்காக வீட்டு நகையை அடகு வைத்திருந்தாலும் சரி, அதுதான் நிலை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடத்தில், அதாவது ஆர்டிஇ-யில், தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு 7.5% ஒதுக்கீடு கிடைக்கும். ஆர்டிஇ இலவசம் எட்டாவதோடு முடிந்துவிடுவதால் இந்த ஏற்பாடு. சொந்தக் காசில் ஃபீஸ் கட்டிப் படித்த பிள்ளைக்கு இது பொருந்தாது.

இதெல்லாம் எங்கோ சென்னையில் நடக்கும் விஷயம் என்று சிதம்பரத்துக்காரர்கள் நினைக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்து நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021ல் சுகாதாரத் துறைக்கு மாறி, அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆனது. எம்பிபிஎஸ் இடங்கள் 150. அகில இந்திய ஒதுக்கீடு 15% போக மீதியில் 7.5% என்று கணக்குப் போட்டால் ஒன்பது, பத்து இடங்கள் வரும். ஒதுக்கீடு மாநில அளவில்தான் நிரப்பப்படும். ஆனாலும் அண்ணாமலை நகர் வாசலில் நிற்கும் அந்தக் கல்லூரிக்குள் நுழைய ஒரு வழி, பக்கத்து நகராட்சிப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது.

சரி, அப்புறம் ஏன் போகிறார்கள்?

காலை எட்டரை மணிக்கு ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு தம்பிக்குத் தட்டில் பொங்கலோ உப்புமாவோ கிச்சடியோ கிடைக்கும். கூடவே வந்த ஆறாம் வகுப்பு அக்காவுக்குக் கிடையாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் போனது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் அது 1 முதல் 5 வரை என்றே வகுக்கப்பட்ட திட்டம். ஒரே வாசல், ஒரே சமையல் கூடம். வகுப்பு எண் ஐந்தைத் தாண்டியதும் காலைத் தட்டு நின்றுவிடுகிறது. மதிய உணவு மட்டும் தொடர்கிறது.

உணவு மட்டுமில்லை. ஐந்தாவது வரையான பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கு. பத்து, பன்னிரண்டுக்குப் பொதுத்தேர்வு என்பதால் மொத்தத் துறையும் அங்கே கண் வைத்திருக்கும். ஆறு, ஏழு, எட்டு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வகுப்புகள். பெயருக்கு ஏற்ற மாதிரியே நடுநிலை!

ஆசிரியர் கணக்கு இன்னும் சிக்கலானது. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். குறைந்தது வகுப்புக்கு ஒருவர். அதாவது மூன்று வகுப்பிலும் சேர்த்து 40, 50 பிள்ளைகள்தான் என்றால் மூன்று பட்டதாரி ஆசிரியர்கள். பாடங்களோ ஐந்து: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். யாராவது ஒருவர் தான் படிக்காத பாடத்தையும் நடத்தித்தான் ஆக வேண்டும். ஒருவர் மகப்பேறு விடுப்பிலோ பயிற்சியிலோ போனால் இரண்டு வகுப்பு ஒரே அறையில் உட்காரும்.

ஓவியம், விளையாட்டு, தையல் சொல்லித் தரும் பகுதிநேர ஆசிரியர்களுக்கும் இதே கதிதான். சட்டப்படி 6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளிக்குத்தான் அவர்கள். 2012ல் மாதம் 5 ஆயிரம் ரூபாய்க்கு 16 ஆயிரத்துக்கும் அதிகமானோரைத் தமிழ்நாடு அரசு நியமித்தது. பணி நிரந்தரம் கேட்டு வருடாவருடம் போராடுகிறார்கள். பலர் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இது ஒரு சுழல். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். "இங்க கணக்கு வாத்தியாரே இல்ல" என்று பேச்சு பரவும். அடுத்த வருடம் இன்னும் நான்கு பேர் டி.சி. வாங்குவார்கள். உபரி ஆசிரியர் பணி நிரவலில் வேறு ஊருக்கு மாற்றப்படுவார். திரும்பி வருவது கஷ்டம்.

இங்கிலீஷ் மீடியம் ஒரு காரணமில்லையா என்று கேட்கலாம். 2012-13லிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு இருக்கு. 2019ல் நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. கூடத் தொடங்கினார்கள். போர்டில் இங்கிலீஷ் மீடியம் வந்துவிட்டது. ஆனால் அதற்கென்று தனி ஆசிரியர் பல இடங்களில் வரவில்லை. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டையும் ஒரே டீச்சர் ஒரே நேரத்தில் பார்க்கிறார் என்றால் பெற்றோருக்குப் புரியாமலா போகும்?

எட்டாவது முடிந்ததும் எப்படியும் பள்ளி மாறணும் என்பதும் ஒரு காரணம். "ஒன்பதாவதுல இடம் கிடைக்குமோ என்னமோ, இப்பவே பன்னிரண்டு வரை இருக்கிற ஸ்கூல்ல போட்டுடுவோம்" என்று நினைப்பதில் தப்பில்லை. முக்கியமாகப் பெண் பிள்ளை வீடுகளில், தனி மகளிர் பள்ளி இருந்தால் ஆறாவதிலேயே அங்கே மாற்றுகிறார்கள். அது அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி என்றால் சலுகை எதுவும் போகாது. இழப்பு நடுநிலைப் பள்ளிக்குத்தான்.

படிப்பு எப்படி இருக்கு?

இதை அளப்பதே கஷ்டம். எட்டாவதில் பொதுத்தேர்வு கிடையாது. யாரையும் ஃபெயில் ஆக்குவதும் கிடையாது. 5, 8ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்திவைக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியபோது, தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. பிஞ்சு வயதில் ஃபெயில் ஆக்கினால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியலை என்பது ஒன்பதாவதில்தான் தெரிய வருகிறது என்றால் அதுவும் ஆபத்துதான்.

ஏசர் அறிக்கை ஒரு குறிப்பு தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018ல் சுமார் 40%. கொரோனாவுக்குப் பின் 2022ல் சுமார் 25%. 2024ல் சுமார் 35%. ஏறிவருகிறது, பழைய இடத்துக்கு இன்னும் வரவில்லை. ஒன்றைக் கவனிக்கணும்: ஏசர் கிராமங்களில் மட்டும் எடுக்கப்படும் ஆய்வு. கடலூர், சிதம்பரம் நகரப் பிள்ளைகள் இதில் இல்லை. ஆனால் 2022ல் ஐந்தாவதில் இருந்த அந்தத் தலைமுறைதான் அடுத்த மூன்று வருடம் நடுநிலை வகுப்புகளில் உட்கார்ந்திருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு இயற்கணிதம் நடத்த வேண்டிய நிலைமை ஆசிரியருக்கு. 6 முதல் 9 வரை பின்தங்கியவர்களுக்காக 'திறன்' என்ற தனிப் பயிற்சியை அரசு 2025ல்தான் கொண்டுவந்தது.

நடுநிலைப் பள்ளி நன்றாக நடக்கிறதா என்று பார்க்கப் பெற்றோருக்கு ஒரு எளிய வழி உண்டு. எட்டாவதில் எழுதும் என்எம்எம்எஸ் தேர்வு. அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12 ஆயிரம் ரூபாய், நான்கு வருடத்துக்கு 48 ஆயிரம். தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 6,695 இடங்கள். "உங்க ஸ்கூல்ல போன வருஷம் எத்தனை பேர் என்எம்எம்எஸ் வாங்கினாங்க?" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கலாம். மாலை நேரத்தில் உட்கார்ந்து பயிற்சி தரும் ஆசிரியர் இருக்கும் பள்ளியில் பதில் உடனே வரும்.

புயல் வந்தால் முதலில் பள்ளி

கடலூருக்கே உரிய பிரச்சினை ஒன்றும் உண்டு. 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று வரிசையாக அடி வாங்கிய ஊர். ஃபெஞ்சலில் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பொங்கி நகருக்குள்ளேயே வந்தது. ஒவ்வொரு முறையும் மக்களைத் தங்கவைக்க முதலில் திறக்கப்படுவது அரசுப் பள்ளிகள். அது அவசியமும் கூட. ஆனால் முகாம் முடிந்து, சேறு கழுவி, நனைந்த புத்தகத்துக்குப் பதில் புதுப் புத்தகம் வரும்வரை பாடம் நிற்கும். அந்த நாட்களில் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு நடக்கலாம்.

பிள்ளைகளே குறைகிறார்களா?

ஆமாம், அதுவும் உண்மைதான். 2025 ஆகஸ்டில் தொடக்கக் கல்வி இயக்ககம் சொன்ன கணக்குப்படி மாநிலத்தில் 1,204 பள்ளிகளில் ஒரு மாணவர்கூட இல்லை. அதில் அரசுப் பள்ளி 208. தனியார் சுயநிதிப் பள்ளியோ 869. ஆக, "அரசுப் பள்ளி மட்டும் காலியாகிறது" என்ற பேச்சு முழு உண்மை இல்லை. 5 முதல் 6 வயதுப் பிள்ளைகள் 2011ல் சுமார் பத்தரை லட்சம், 2025ல் சுமார் எட்டே முக்கால் லட்சம் என்றும் இயக்ககம் சொன்னது. இந்தப் பிள்ளைகள் ஆறாவதுக்கு வருவது 2030ஐ ஒட்டித்தான். அப்போது ஆறாம் வகுப்புக்கான போட்டி இன்னும் கடுமையாகும்.

பணக்கார நகரங்களிலும் இதே கதை நடக்குது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பத்தில் மூன்று பிள்ளைகள் தனியார் பள்ளியில். அரசுப் பள்ளிகளில் எண்ணிக்கை இறங்கி, 2024 அக்டோபரில் மூடப்போகும் பள்ளிகளின் பட்டியலே வெளியானது. எதிர்ப்பு கிளம்ப, அதே மாதம் திட்டம் நிறுத்தப்பட்டது. பக்கத்துக் கேரளம் 2017 வாக்கில் கட்டடம், வகுப்பறை, ஆசிரியர் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பணம் போட்டபோது, வெளியே போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். தமிழ்நாட்டில் 2021ல் கொரோனா நேரத்தில் லட்சக்கணக்கானோர் அரசுப் பள்ளிக்கு வந்ததும், அவர்களில் பலரைத் தக்கவைக்க முடியாமல் போனதும் இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஒரு புதுக் கவலையும் சேர்ந்திருக்கு. 1 முதல் 8 வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது வருடமாகப் பாடம் நடத்தும் டீச்சர்கள்கூடப் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டிய நிலை. தமிழ்நாடு அரசு மறுசீராய்வு கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

டி.சி. வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

மாறப்போகும் பள்ளி அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா, சுயநிதியா என்று முதலில் தெளிவாகக் கேளுங்கள். உதவிபெறும் பள்ளி என்றால் பிள்ளை உட்காரப்போவது தமிழ் வழிப் பிரிவா, சுயநிதி ஆங்கிலப் பிரிவா என்பதையும் கேட்கணும். ஒரே காம்பவுண்டில் இரண்டும் இருக்கும். எமிஸ் பதிவில் ஒவ்வொரு வருடமும் பள்ளியின் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதற்கான சான்றை, கல்லூரி விண்ணப்ப நேரத்தில் ஓடி ஓடி வாங்குவதைவிட, ஒவ்வொரு பள்ளியை விட்டுக் கிளம்பும்போதே வாங்கி வைப்பது நல்லது.

அங்கேயே தொடரப்போகிறீர்கள் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகலாம். அதில் பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். ஆறு, ஏழு, எட்டுக்கு எத்தனை பட்டதாரி ஆசிரியர் பணியிடம், எத்தனை காலி என்று அங்கே கேட்டுத் தீர்மானமாக எழுத வைக்கலாம். கேட்பதானால் ஜூன், ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயம் செய்கிறார்கள்.